லண்டனில் ரிசப்ஷன் வகுப்புக்கு (ஆரம்பப் பள்ளியின் முதல் வருடம்) விண்ணப்பிக்கப் போகிறீர்களா?

2022 செப்டம்பர் 1 முதல் 2023 ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகளுக்கு 2027 ஜனவரி 15 கடைசி நாள். எந்தப் பள்ளி என்பது ஏப்ரல் 16இல் தெரியும்.

விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் கவுன்சிலுக்குப் போகும். ஆறு பள்ளி எழுதலாம். தயவுசெய்து ஆறையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அதையே தந்துவிடுவார்கள் என்று நம்மவர் பலர் இன்னும் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்று பார்த்து எந்தப் பள்ளியும் இடம் கொடுப்பதில்லை. அந்த ஒன்றும் தவறினால், யாரும் கேட்காத, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பள்ளி வந்து சேரலாம்.

கவுன்சில் கையேட்டில், போன வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீட்டுத் தூரம் இருக்கும். அது 0.4 மைல், உங்கள் வீடு 0.39 என்றால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்குப் பெரும்பாலும் முன்னுரிமை உண்டு; அவர்கள் அந்த வருடம் கூடினால் அந்தத் தூரம் 0.25க்கே சுருங்கிவிடலாம். உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஒரு பள்ளியாவது பட்டியலில் இருக்கட்டும்.

கத்தோலிக்கப் பள்ளி என்றால் கூடுதல் படிவமும் திருமுழுக்குச் சான்றிதழும் தனியாகப் பள்ளிக்கே கொடுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பள்ளிகளை ஒப்பிடும்போது, ஆறாம் வகுப்பு சாட்ஸ் (ஆரம்பப் பள்ளி முடிவில் நடக்கும் தேர்வு) முடிவை ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்காதீர்கள். 30 பேர் வகுப்பில் ஒரு பிள்ளையே 3 சதவீதத்துக்கு மேல். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.