துவர்ப்பும் டின்பாலும்: தாப்பாவில் நாங்கள் குடிக்கும் தே

என் அம்மா மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பாவுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பால்மரம் சீவியவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கிவிடும். நான்கரை மணிக்கு அடுப்பு எரியும். கொதிக்கும் நீரில் தேயிலைத் தூளைப் போட்டு மூடிவிட்டு, தலைத்துணியைக் கட்டி, மரம் சீவும் கத்தியைத் தீட்டி முடிப்பதற்குள் சாறு இறங்கியிருக்கும். அந்தக் கறுப்புத் தேயை அவர் சீனி கலக்காமல்தான் குடிப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, அதை நாவில் தொட்டு ஒரு மிடறு, மறுபடி தொட்டு ஒரு மிடறு என்று குடித்து முடித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். கலக்கினால் மூன்று கரண்டி கேட்கும் இனிப்பு, இப்படிக் குடித்தால் ஒரே கரண்டியில் கிடைத்துவிடும் என்பது அவருடைய கணக்கு. சிக்கனத்துக்காகப் பழகிய அந்த முறையில் தேயிலையின் துவர்ப்பும் சீனியின் இனிப்பும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகாமல் தனித்தனியே நாவில் நிற்கும் என்பதை நான் கவனித்தது நாற்பது வயதைக் கடந்த பிறகுதான்.

பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ ஆகியவற்றின் துவர்ப்பை விரும்பி உண்ணப் பழகிய நாம், தேநீரில் மட்டும் அதை எப்படியாவது அடக்கிவிடப் பார்க்கிறோம். பால், சீனி, இஞ்சி, எலுமிச்சை என்று எங்கள் ஊர்க் கடைகளில் தேயோடு சேரும் ஒவ்வொன்றும் அந்தத் துவர்ப்போடு ஏதோ ஒரு வகையில் உடன்பாடு செய்துகொள்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டு உறவினர்கள் வரும்போது, நாங்கள் 'தே' என்று சொல்வதைக் கேட்டு வியப்பார்கள். சீனாவின் ஃபூஜியன் கரையோரத்து ஹொக்கியன் மொழியில் தேயிலையின் பெயர் 'தே'. அந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய தேயிலையோடு அச்சொல்லும் பயணம் செய்து, மலாய் மொழியில் 'தே' என்றும் ஆங்கிலத்தில் 'டீ' என்றும் நிலைத்தது. சீனாவின் பிற பகுதிகளில் வழங்கும் 'சா' என்ற சொல்லோ இந்தியில் 'சாய்' என்றும் மலையாளத்தில் 'சாயா' என்றும் ஆயிற்று. தேயிலை, தேநீர், தேக்கரண்டி என்று எழுத்துத் தமிழ் முழுவதும் அதே 'தே' இருக்கும்போது, தோட்டத்து மக்கள் பேசுவதைக் கொச்சை என்று ஒதுக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எங்கள் வீட்டில் 'பால்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வெறுமனே பால் என்றால் மரத்துப் பால். குடிக்கும் பாலுக்கு டின்பால் என்று பெயர். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், மாடு வளர்த்த சில குடும்பங்களைத் தவிர மற்றவர்களுக்கு நாள்பட இருக்கும் பால் டின்பால் ஒன்றுதான். கெட்டியாக்கப்பட்ட அந்த இனிப்புப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை இருப்பதால்தான் அதில் நுண்ணுயிரிகள் எளிதில் வளர்வதில்லை. சம்பள நாளில் அப்பா எங்களைத் தாப்பா நகரத்துக்கு அழைத்துச் சென்று டின்பால் ஊற்றிய தே வாங்கித் தருவார். வீட்டுக்கு வாங்கிச் செல்லும் தேயைக் காலிப் பால்டின்னிலேயே ஊற்றி, அதன் விளிம்பில் துளையிட்டுக் கயிறு கட்டிக் கொடுப்பார்கள். இப்போது நெகிழிப் பையில் ஊற்றி, ராஃபியா கயிற்றால் சுருக்கிட்டு, 'புங்குஸ்', அதாவது பொட்டலம், என்று கையில் மாட்டிவிடுகிறார்கள். சூடான தேயை நெகிழிப் பையில் வாங்க எனக்கு மனம் ஒப்புவதில்லை, தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன்.

இன்று கடைகளில் பயன்படுத்தும் டின்களில் பெரும்பாலானவை 'கிரிமர்' என்ற பெயர் தாங்கியவை. அவற்றில் பால் கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் (பாமாயில்) சேர்க்கப்படுகிறது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களின் நடுவே வாழ்கிற எங்கள் குவளைக்குள் இப்படி அந்தச் செம்பனையே வந்து சேர்கிறது.

எங்கள் ஊரில் தே வாங்க மூன்று மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். 'தே' என்று மட்டும் சொன்னால் இனிப்பு டின்பால் கலந்து வரும். 'தே ஓ' என்றால் பாலில்லாமல் சீனி மட்டும். 'ஓ' என்பது ஹொக்கியனில் கறுப்பு. 'தே சி' என்றால் நீரை வற்றச் செய்த, இனிப்பில்லாத ஆவிப்பாலும் தனியே சீனியும். 'கோசோங்' என்பது வெறுமை என்று பொருள்படும் மலாய்ச் சொல். அதைச் சேர்த்தால் சீனி இல்லாமல் வரும். 'கௌ' என்றால் சாயம் கூடுதலாக, 'ஹாலியா' என்றால் இஞ்சி தட்டிப் போட்டு, 'ஆயிஸ்' அல்லது 'பெங்' என்றால் பனிக்கட்டியோடு. இவற்றை அடுக்கி, "அண்ணே, தே சி கோசோங் கௌ ஒன்று" என்று ஒரே மூச்சில் சொல்லும் பெரியவரின் தேவையைத் தாளில் எழுதாமலே நினைவில் வைத்து, ஒரே நேரத்தில் எட்டு மேசைகளுக்குத் தவறாமல் அனுப்பும் தே ஆற்றுபவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர்கள் கையாள்வது பெரும்பாலும் தூள் தேயிலை. துகள் சிறிதாக இருந்தால் நீர் படும் பரப்பு கூடும். நிறமும் துவர்ப்பும் விரைவாக இறங்கும். துணிப்பையில் இட்ட தூளின் மேல் கொதிநீரை ஊற்றி, வடிந்ததை மீண்டும் அதே தூளின் மேல் ஊற்றும்போது கிடைக்கும் கடுஞ்சாற்றைப் பாலில்லாமல் ஒரு வாய்கூடக் குடிக்க இயலாது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால், அவை நாவைப் பிடிப்பது தணிகிறது. முழு இலையை மென்மையாக ஊறவைத்த சாற்றில் டின்பாலை ஊற்றினால் பால் மட்டுமே மிஞ்சும்; கடுஞ்சாறாக இருந்தால்தான் அத்தனை இனிப்பையும் மீறித் தேயிலை தலைகாட்டும். ஆகவே இந்தக் கடுஞ்சாற்றில் டின்பால் சேர்த்து ஆற்றும் தே தாரிக்கை மட்டமான தேயிலையின் குறையை மறைக்கும் பானம் என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

'தாரிக்' என்றால் இழுத்தல். ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றும்போது, அடியில் தங்கும் டின்பால் முழுமையாகக் கலக்கிறது, குடிக்கும் பதத்துக்குச் சூடு தணிகிறது, காற்று புகுந்து மேலே நுரை நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வளர்ந்த இந்தக் கைப்பழக்கத்தில், ஊரில் நம் பாட்டிமார் டம்ளரும் டவராவும் கொண்டு ஆற்றியதன் நீட்சியை நான் காண்கிறேன். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய் என்ற பரோட்டா ஆகியவற்றோடு தே தாரிக்கும் இடம்பெறும் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தனது அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, எங்கள் ஊர்க் கடையில் அன்று காலை அதுவே பேச்சாக இருந்தது.

மதிய வெயிலுக்கு நான் விரும்புவது 'தே ஓ ஆயிஸ் லிமாவ்'. கறுப்புத் தேயில் சிறிய கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்ததும் அடர்ந்த செம்பழுப்பு கண்ணெதிரே வெளிர்ந்து பொன்னிறமாகும். தேயிலையின் நிறப்பொருள்கள் புளிப்பில் தம் வண்ணத்தை இழப்பதே காரணம். இங்கே துவர்ப்பு அடங்குவதில்லை. புளிப்பும் அதோடு சேர்ந்துகொள்ள, தாகம் தீர்கிறது.

தாப்பாவிலிருந்து 59ஆம் எண் சாலையில் ஏறினால் ரிங்லெட் வழியாகக் கேமரன் மலைக்குச் செல்லலாம். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது. அம்மலைச் சரிவுகளில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர் பலர். கீழே நாங்கள் மரம் சீவினோம். மேலே எங்கள் உறவுக்காரர்கள் சிலர் கொழுந்து கிள்ளினார்கள். இன்று பெரும்பகுதி அறுவடை கத்தரியாலும் இயந்திரத்தாலும் நடக்கிறது. வேலை செய்வோரில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். குளிர்ந்த மலையில் செடி மெதுவாக வளர்வதால் இலையில் மணம் கூடுகிறது. அந்த மணத்தைக் கொதிக்கக் கொதிக்க விட்டு ஆவியாக்கிவிடக் கூடாது. ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி இலையைப் போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்றி, மூடியிட்டு, நான்கு நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். கடைத் தேநீருக்குத் தூள்தான் பொருத்தம் என்று ஒப்புக்கொள்ளும் நான், வீட்டில் இந்த இலையைத் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை.

இனிப்பைப் பற்றி மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்த ஆண்டு ஜூலையில் புட்டியிலும் டின்னிலும் விற்கும் இனிப்புப் பானங்களுக்கு அரசு வரி விதித்தது. கடையில் கண்முன் ஆற்றித் தரும் தேயை அந்த வரி தொடவில்லை. அப்பாவுக்கு நீரிழிவு வந்து, ஒரு பாதத்தை இழந்த பிறகும், நாளைக்கு நான்கு முறை டின்பால் தே குடித்தார். தடுத்தபோதெல்லாம், "உழைக்கிற காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே இனிப்பு இதுதானம்மா" என்பார். அவரிடம் வாதாட எனக்கு மனம் வந்ததில்லை. வாதாடியிருக்க வேண்டும் என்றே இப்போது எண்ணுகிறேன். இளையவர்கள் தயங்காமல் 'கூராங் மானிஸ்', இனிப்பு குறைவாக என்று கேட்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே நிம்மதியாக இருக்கிறது. டின்பால் தேயில் குறைப்பது எளிதன்று, பாலைக் குறைத்தால் துவர்ப்பு ஏறிவிடும். 'தே சி' கேட்டால் சீனியின் அளவு நம் கையில் இருக்கும்.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயதாகிறது. தோட்டத்து லயத்தை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆகியும் நான்கரை மணிக்கே விழித்துவிடுகிறார். மலைத் தேயிலையை நான் வடித்துக் கொடுத்தால், "சாயமே இல்லையே அம்மா" என்று ஒவ்வொரு நாளும் குறை சொல்வார். ஆகவே அவருக்கு மட்டும் ஆறு நிமிடம் ஊறவிடுகிறேன். எவர்சில்வர் குவளையை விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்ததும், வலக்கையில் குவளையை வாங்கிக்கொண்டு இடது உள்ளங்கையை நீட்டுவார். அதில் அரைக் கரண்டி சீனி வைக்கிறேன்.