ஹைகோர்ட் வளாகத்தில் ஏழு மாதம்

எங்கள் திருமணத்தைப் பதிவு செய்திருக்கவில்லை. அதனால் விவாகரத்து மனுவுக்குக் கல்யாணப் பத்திரிகையும் தாலி கட்டும் போட்டோவும் வேண்டும் என்றார் வக்கீல் மேடம். ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது பின்பக்கம் அட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் கவரில் போட்டுக்கொண்டு, சைதாப்பேட்டையில் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். குடும்பநல நீதிமன்றம் ஹைகோர்ட் வளாகத்துக்குள்தான் இருக்கிறது.

கல்யாணம் மதுரையில் நடந்தது, அங்கேதான் போக வேண்டும் என்று பயந்திருந்தேன். தேவையில்லை. மனைவி இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

நாங்கள் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்து கேட்க ஒரு வருஷம் பிரிந்திருந்தால் போதும்.

மனுவை முதலில் எழுதும்போது, "மகனைத் தந்தை அவ்வப்போது பார்க்கலாம்" என்று போடச் சொன்னேன். மேடம் பேனாவை வைத்துவிட்டார்.

"அவ்வப்போதுன்னா எப்போம்மா? உங்களுக்கு மாசம் ஒரு தடவை, அவருக்கு வாரம் மூணு தடவை. நாளைக்கு அதுக்கே தனியா ஒரு பெட்டிஷன் வரும்."

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, காலை 10 முதல் மாலை 6 வரை என்று எழுதினோம். பள்ளிக் கட்டணம் யார், தீபாவளி எந்த வருஷம் யார் வீட்டில், யாரிடம் எத்தனை சவரன், எல்லாம் வரிவரியாக. அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

2023 ஜூனில் மனு ஏற்கப்பட்டது. கவுன்சிலர் எங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் உட்காரவைத்துப் பேசினார். பல மாதங்களுக்குப் பிறகு என் கணவர் குரல் உயராமல் என்னிடம் பேசியது அந்த அறையில்தான். "பையன் நைட் தூங்குறானா?" என்று கேட்டார். சேர்ந்து வாழ முடியாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் அவரை எதிரியாக நினைக்கவில்லை.

பிறகு, இரண்டாம் விசாரணைக்கு முன் சட்டம் சொல்லும் ஆறு மாதக் காத்திருப்பு. 2017இல் உச்ச நீதிமன்றம் இது கட்டாயமல்ல, தகுந்த வழக்கில் விலக்கு அளிக்கலாம் என்று சொல்லிவிட்டது. கேட்டுவிடலாம் என்று உறவினர்கள் அவசரப்படுத்தினார்கள். நாங்கள் கேட்கவில்லை. அந்த மாதங்களில் சனிக்கிழமை ஏற்பாட்டை நடத்திப் பார்த்தோம். முதல் இரண்டு தடவை மதியமே பையன் அழ ஆரம்பித்துவிட்டான். கடைசியில் மாலை 4 மணி என்று மாற்றி, இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவைக் கோர்ட்டில் கொடுத்தோம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அந்தப் பயத்தில் பல இரவு தூங்கவில்லை. அதனால்தான் நகையும் பணமும் இரண்டாம் விசாரணை நாளில் கைமாறும்படி வைத்தோம்.

2024 ஜனவரியில் கோர்ட் டவாலி இருவர் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாத பெண்கள் தயங்க வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டு வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்க எனக்கு அதுதான் தேவைப்பட்டது.