வாடகை அன்னாசியும் ஜோன்ஸ் தெருப் பந்தியும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பழைய ஊரான சவானாவிலிருந்து நேற்று ராத்திரிதான் வீடு திரும்பினோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், விடுதியில் நீட்டிய பில். ஓர் இரவுக்கு 289 டாலர் என்று பார்த்துத்தான் இரண்டு இரவுக்குப் பதிவு செய்தோம். கிளம்பும்போது பார்த்தால் வரி தனி, 'வசதிக் கட்டணம்' நாளுக்கு 35 டாலர் தனி, காரை அவர்களே கொண்டுபோய் நிறுத்தியதற்கு இரவுக்கு 48 டாலர் தனி. அப்படி என்ன வசதி என்று கேட்டேன். வைஃபை, முன்கூடத்தில் காபி, சாயங்காலம் ஆளுக்கு இரண்டு பிஸ்கட். எங்கள் அறை மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. நூற்றைம்பது வருஷக் கட்டடமாம், லிஃப்ட் வைத்தால் அதன் பழமை கெட்டுவிடுமாம். நான்கு பெட்டிகளையும் இவர் தூக்கிக்கொண்டு ஏறியது எந்த வசதியில் சேரும் என்று கேட்க நினைத்தேன். குழந்தைகள் பக்கத்தில் நின்றார்கள். மரியாதை கற்றுக்கொடுக்கக் கூட்டிவந்த இடத்திலேயே அம்மா சண்டை போட்டால் நன்றாகவா இருக்கும்?

ஆமாம், போனதே அதற்காகத்தான். போன மாதம் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். ஆறு வயதுச் சின்னவன் திறந்து அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்று கத்திவிட்டு டேப்லெட்டுக்கே திரும்பிப் போய்விட்டான். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊரில் இப்படிச் செய்திருந்தால் ஆச்சி முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

பெரியவளுக்கு ஒன்பது வயது. அவள் வகுப்பில் சில பிள்ளைகள் கொட்டிலியன் போகிறார்கள். தெரியாதவர்களுக்காக: அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இது பழைய வழக்கம். பையன்களுக்குக் கோட்டும் டையும், பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கையுறையும் மாட்டிவிட்டு, ஜோடி நடனத்தோடு சாப்பாட்டு மேசை மரியாதையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு சீசனுக்கு என்ன கட்டணம் என்று விசாரித்துவிட்டுப் பேசாமல் போனை வைத்துவிட்டேன். அப்போதுதான் சவானாவில் ஒரு பழைய விடுதியில் சனிக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பு, தலைக்கு 65 டாலர், தேநீர் விருந்தும் உண்டு என்று கண்ணில் பட்டது. அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஆல்ஃபரெட்டாவிலிருந்து நாலரை மணி நேரம்தானே என்று கிளம்பிவிட்டோம். செலவுக் கணக்கை வரிசையாகத் தருகிறேன் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தேன். தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் வகுப்பைப் பற்றி. விடுதியை எவ்வளவு திட்டினாலும் அந்த ஆசிரியையைத் திட்ட மனம் வராது. எழுபது வயது இருக்கும். கழுத்தில் முத்துமாலை, முதுகு வளையாத நிமிர்வு. பத்துப் பிள்ளைகள். உள்ளே விடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்திக் கைகுலுக்கினார். கண்ணைப் பார்க்க வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டும், 'யா' என்று சொல்லக் கூடாது, 'யெஸ், மேம்' என்று சொல்ல வேண்டும். சின்னவன் தரையைப் பார்த்தபடி பெயரை முனகினான். திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவைதான் உள்ளே போனான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மேசையில் ஒவ்வொருவர் முன்னாலும் ஏகப்பட்ட கரண்டிகள். வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே எடுத்துக்கொண்டு வர வேண்டும். எந்த ரொட்டித் தட்டு என்னுடையது, எந்தத் தண்ணீர் டம்ளர் என்னுடையது என்ற குழப்பத்துக்கு ஒரு வித்தை காட்டினார். இரண்டு கையிலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து மற்ற மூன்று விரல்களை நீட்டினால், இடது கை ஆங்கில 'பி' மாதிரி இருக்கும், வலது கை 'டி' மாதிரி இருக்கும். பிரெட் இடப்பக்கம், டிரிங்க் வலப்பக்கம். இதை எனக்கு இருபது வருஷம் முன்பே யாராவது சொல்லியிருந்தால், அலுவலக விருந்துகளில் பக்கத்து ஆளின் ரொட்டியைத் தின்றிருக்க மாட்டேன்.

உப்பை மட்டும் கேட்டாலும் உப்பையும் மிளகையும் சேர்த்தே நகர்த்த வேண்டும், அவை இரண்டும் பிரியக் கூடாத தம்பதியாம். ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது, பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும். சூப்பை நம் பக்கம் அல்லாமல் எதிர்ப்பக்கமாக அள்ள வேண்டும். சும்மா இருக்கும் கை மடியில் இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் சின்னவன் என் பக்கம் திரும்பி, "ஆச்சி சொல்றதுதானே?" என்று தமிழில் கேட்டான். இடது கை தட்டில் பட்டால் ஆச்சியிடம் வாங்கிய அடி நினைவுக்கு வந்துவிட்டது போல.

பெரியவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. "நாங்கள் வீட்டில் கையால்தான் சாப்பிடுவோம். அது தப்பா?" அறையே அமைதியாகிவிட்டது. அந்த அம்மா கொஞ்சமும் தடுமாறவில்லை. "யார் வீட்டில் சாப்பிடுகிறாயோ அந்த வீட்டுக்காரரைப் பார். அவர் பொரித்த கோழியைக் கையால் எடுத்தால் நீயும் கையால் எடு. முள்கரண்டியை எடுத்தால் நீயும் முள்கரண்டி. நான் உன் வீட்டுக்கு வந்தால் கையால் சாப்பிடுவேன், எப்படி என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும்" என்றார். 130 டாலரில் பாதி அந்த ஒரு பதிலுக்கே சரியாகப் போனது.

மீதிப் பாதிதான் உறுத்துகிறது. விருந்தோம்பல் வகுப்பு என்று விளம்பரம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் விருந்தாளியாக நடந்துகொள்வதற்கே முக்கால்வாசி போய்விட்டது. வீட்டுக்கு வருபவரை எப்படிக் கவனிப்பது என்பதற்குக் கடைசி இருபது நிமிடம். கதவைத் திற, கோட்டை வாங்கு, குடிக்க என்ன வேண்டும் என்று கேள், போன பிறகு நன்றிக் கடிதம் எழுது. பரிமாற ஆள் இருந்ததால் பிள்ளைகள் ஒரு தட்டைக்கூடத் தூக்கவில்லை.

விடுதி முழுக்க அன்னாசிப்பழம். கதவு தட்டும் பித்தளை அன்னாசி, படிக்கட்டுக் கைப்பிடியில் மர அன்னாசி, சோப்பில் அன்னாசி. சின்னவன் பதினேழு எண்ணினான். தெற்கில் இது வரவேற்புச் சின்னம். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தப் பழம் அத்தனை அரிது, அத்தனை விலை. இங்கிலாந்தில் விருந்து மேசையில் வைத்துக் காட்டுவதற்காக வாடகைக்குக்கூட எடுப்பார்களாம், சாப்பிடாமல் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். பில்லைப் பார்த்தபோது எனக்கு அந்த வாடகை அன்னாசிதான் நினைவுக்கு வந்தது.

விருந்தோம்பலைப் பிள்ளைகள் நிஜமாகப் பார்த்தது முந்தின நாள், வெள்ளிக்கிழமை மதியம். ஜோன்ஸ் தெருவில் மிஸஸ் வில்க்ஸ் டைனிங் ரூம். 1870இல் கட்டிய வீடு, ஒரு காலத்தில் தங்குமிடமும் சாப்பாடும் தந்த போர்டிங் ஹவுஸ். 1943இல் செமா வில்க்ஸ் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'செம' என்றுதான் வருகிறது, சாப்பாடும் அப்படியே. 2002இல் அவர் காலமாகிவிட்டார், குடும்பத்தார்தான் தொடர்ந்து நடத்துகிறார்கள். 2000இல் ஜேம்ஸ் பியர்ட் விருது (அமெரிக்க உணவகங்களுக்குப் பெரிய கௌரவம்) வாங்கிய இடம், 2010இல் அதிபராக இருந்தபோது ஒபாமா வந்து சாப்பிட்டிருக்கிறார். ஆனாலும் முன்பதிவு கிடையாது, கார்டு வாங்க மாட்டார்கள், திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் மட்டும்தான். பத்து மணிக்குப் போய் வரிசையில் நின்றோம். செங்கல் பாவிய தெரு, மேலே ஓக் மரங்களில் சடைசடையாகத் தொங்கும் 'ஸ்பானிஷ் பாசி'. வெயில் தெரியவில்லை, பசிதான் தெரிந்தது.

உள்ளே பத்துப் பேர் உட்காரும் மேசைகள். யார் பக்கத்தில் யார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. நாங்கள் நான்கு பேர், ஒஹாயோவிலிருந்து வந்த வயதான தம்பதி, நான்கு கல்லூரிப் பையன்கள். மெனு கார்டு என்ற பேச்சே இல்லை. உட்காரும்போதே மேசை நிறையக் கிண்ணங்கள்: பொரித்த கோழி, மாட்டிறைச்சிக் குழம்பு, தட்டைப்பயறு, வெண்டைக்காய், கொலார்ட் கீரை, மக்ரோனி சீஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தக்காளி போட்ட சிவப்புச் சாதம், சோள ரொட்டி, பிஸ்கட். (இந்த பிஸ்கட் நம் பிஸ்கட் இல்லை, வெண்ணெய் உருகும் மெத்து ரொட்டி.) நம் கல்யாணப் பந்தியேதான், பரிமாறுகிறவர் மட்டும் இல்லை. எட்டாத கிண்ணத்தை வாய்விட்டுக் கேட்க வேண்டும், நம் முன்னால் இருப்பதைக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் சின்னவன் வாயைத் திறக்கவில்லை. பிஸ்கட் மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒஹாயோ தாத்தா கூடையைத் தன் பக்கம் இழுத்து, "இது இங்கே வந்து தனியாக உட்கார்ந்திருக்கிறது, யாராவது கூப்பிட்டால் வரும்" என்றார். அவ்வளவுதான், பையன் "பிஸ்கட் ப்ளீஸ்" என்றான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கல்லூரிப் பையன்களைப் பார்த்து, "வெண்டைக்காய் வேண்டுமா? நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உபசரித்துக்கொண்டிருக்கிறான்! வீட்டில் வெண்டைக்காயைக் கண்டால் ஓடுகிற பிள்ளை. சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவரே சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுதான் அந்த வீட்டு வழக்கம். பெரியவள் தன் தட்டோடு ஒஹாயோ பாட்டியின் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மறுநாள் வகுப்பிலும் வரவில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து நூறு டாலரைத் தாண்டவில்லை, வயிறு ராத்திரி வரைக்கும் தாங்கியது. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தெற்கத்திச் சமையலில் கீரை, பயறு எல்லாவற்றிலும் பன்றி இறைச்சி போட்டு வேகவைப்பது வழக்கம். கேட்காமல் தொடாதீர்கள்.

வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த மண்ணுக்கு வந்தவை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு. அன்றே ஃபர்ஸ்ட் ஆப்பிரிக்கன் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கும் போனோம். இன்றைய கட்டடம் 1859இல் முடிந்தது, கட்டியவர்கள் அடிமைகள். தரைப்பலகையில் சாய்சதுர வடிவில் சின்னத் துளைகள். கீழே ஒளிந்திருந்து தப்பிப்போனவர்கள் மூச்சு விடுவதற்கு என்கிறார்கள். அதே 1859 மார்ச் மாதம் இதே ஊர்க் குதிரைப் பந்தய மைதானத்தில் இரண்டு நாளில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஏலம் விட்டிருக்கிறார்கள். பிராட்டன் தெருவில் இப்போது கலைக் கல்லூரி நூலகமாக இருக்கும் கட்டடம் 1960இல் லெவீஸ் என்ற பெரிய கடை. அங்கே சாப்பாட்டு இடத்தில் உட்கார்ந்ததற்காக அந்த மார்ச் 16 அன்று கறுப்பின மாணவர்கள் மூன்று பேரைக் கைது செய்தார்கள். ஊர் மக்கள் ஒன்றரை வருஷம் போலக் கடைகளைப் புறக்கணித்தார்கள். ஊர் உணவகங்களும் தியேட்டர்களும் எல்லோருக்கும் திறந்தது 1963இல்தான்.

மறுநாள் வகுப்பில் 'தெற்கத்தி உபசரிப்பு எல்லோருக்கும் பொதுவானது' என்று ஆசிரியை சொன்னபோது பெரியவள் கையைத் தூக்கி, "1960இலுமா, மேம்?" என்று கேட்டாள். மேம் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லை. அப்போது நான் உன்னைவிடச் சின்னப் பெண். எங்கள் மேசையில் யாரெல்லாம் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை" என்றார். மற்ற அம்மாக்களில் ஒருவர் நெளிந்தார். நெளியட்டும்.

கொடுத்த வாக்குக்குச் செலவுக் கணக்கு: பெட்ரோல் போகவர 70 டாலர், வகுப்பு 130, விடுதி பற்றிச் சொன்னால் மறுபடி கொதிக்கும். ரிவர் ஸ்ட்ரீட்டிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறாதீர்கள், ஏறினால் முதலிலேயே விலை பேசுங்கள். "விருப்பப்பட்டதைக் கொடுங்கள், மேம்" என்று ஏற்றிக்கொண்ட பையன் இறங்கும்போது "பொதுவாக 40 கொடுப்பார்கள், மேம்" என்றான். பத்து நிமிடச் சவாரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மேம், அவனும் அந்த வகுப்பில் படித்தவனாக இருக்க வேண்டும். ஊரின் இருபத்திரண்டு சதுக்கங்களையும் நடந்தே பார்க்கலாம், பெரும்பாலும் நிழல். தங்குவதற்கு ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் சாதாரண ஹோட்டல் போதும். அடுத்த தடவை வியாழன் இரவு போய், வெள்ளி மதியம் ஜோன்ஸ் தெருவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுவதாக இருக்கிறோம்.

வகுப்பில் கொடுத்த நன்றி அட்டையில் சின்னவன் ஒஹாயோ தாத்தாவுக்கு எழுதி வைத்திருக்கிறான். முகவரி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை, குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறது. நான் வசதிக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு விடுதிக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். 'அன்புள்ள மேம்' என்றுதான் ஆரம்பித்தேன். இன்னும் பதில் இல்லை.