மலிவு விலையில கேம் தேடுற வேட்டை, இதுவரைக்கும் நிலவரம்

இந்த வருஷம் எந்த கேமையும் முழு விலை குடுத்து வாங்குறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். புது பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் ஒன்னு இங்க சிங்கப்பூர்ல 100 வெள்ளிக்கு (டாலர்) பக்கத்துல நிக்குது, நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் அதுக்குக் கொஞ்சம் கீழ, மாசம் ரெண்டு வாங்குனா எங்க வீட்டு கரண்ட், தண்ணி பில்லையே தாண்டிடும். அதனால கடை, கரோசல் (பழைய சாமான் வாங்கி விக்கிற ஆப்), ஆன்லைன் சேல்னு மூணு பக்கமும் அலைஞ்சு பார்த்துட்டு இருக்கேன், எது எவ்வளவு தேறுச்சுன்னு எழுதி வைக்கிறேன்.

முதல்ல கடைங்க. சிம் லிம் ஸ்குவேர்ங்கிற எலக்ட்ரானிக்ஸ் மால் எல்லாருக்கும் தெரியும், ரோச்சோர் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்குனா எதிர்லயே. கேம் வேட்டைக்குன்னு மட்டும் போனீங்கன்னா கொஞ்சம் ஏமாத்தம்தான், பிசி பார்ட்ஸும் லேப்டாப்பும் சிசிடிவியும்தான் ஜாஸ்தி. ஆனா போற வழில தேக்காவுல (லிட்டில் இந்தியா) ஒரு பிரியாணி சாப்பிட்டுட்டு வரலாம்ங்கிறதால எனக்கு நஷ்டமா தெரியல. ஆர்ச்சர்ட் பக்கம் பழைய மால்கள்ல மேல்மாடில ஒளிஞ்சுக்கிட்டு இருக்குற குட்டிக் கடைங்கதான் என்னோட ருசிக்கு சரி. எஸ்கலேட்டர் ஏறி ஏறி மேல போகப் போக வாடகை குறையுது, விலையும் குறையுதுன்னு என் கணக்கு. உள்ள போனதும் "பாஸ், செகண்ட் ஹேண்ட் இருக்கா"ன்னு கேளுங்க, இல்லன்னா புதுசு அடுக்குன ஷெல்ஃபுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க.

கடைல செகண்ட் ஹேண்ட் வாங்குனா கரோசல விட எப்பவும் 5, 10 வெள்ளி கூடத்தான். ஏன்னா கடைக்காரர் யார்கிட்டயோ குறைச்சு எடுத்து வச்சிருப்பார், அவருக்கும் லாபம் வேணும்ல. ஆனா அந்தக் கூடுதல் காசு சும்மா போகல, 2012 செப்டம்பர்ல இருந்து நம்ம ஊர்ல பழுதான பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்குற லெமன் சட்டம் இருக்கு, கடைல வாங்குன பொருளு செகண்ட் ஹேண்டா இருந்தாலும் அதுக்குள்ள வரும், 6 மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்த பழுதுன்னுதான் முதல்ல எடுத்துக்குவாங்க (பழைய பொருளுக்கு அதோட வயசையும் விலையையும் பார்ப்பாங்க, அது வேற). கரோசல்ல தனி ஆள் கிட்ட வாங்குறதுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதனால கன்சோல், கன்ட்ரோலர் மாதிரி பழுதாகக்கூடிய ஐட்டம் கடைல, டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் கரோசல்லன்னு பிரிச்சு வச்சிருக்கேன்.

கரோசல்தான் பெரிய சுரங்கம். 2012ல இங்கயே ஆரம்பிச்ச ஆப், நம்ம ஊர்க்காரங்க வீட்ல தூங்குற சாமானெல்லாம் அதுலதான் முழிக்குது. கேம் பேரைப் போட்டுத் தேடுறத விட "மூவிங் ஹவுஸ்", "கிளியரிங்"னு தேடிப் பாருங்க. கன்சோலை வித்துட்டு மிச்ச கேமை மொத்தமா தள்ளுறவங்க கிட்டதான் நல்ல விலை, அவங்களுக்கு அலமாரி காலியானா போதும். ஒன்னு ஒன்னா லிஸ்ட் பண்ணி வச்சிருக்கிறவன் மார்க்கெட் விலைய மனப்பாடமா வச்சிருப்பான், அவன்கிட்ட பேரம் படியாது.

நேர்ல பார்த்து வாங்குற மீட்டப் எல்லாம் எம்ஆர்டிலதான். கார்டு தட்டுற கேன்ட்ரி கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் விக்கிறவர், நடுவுல கை நீட்டிக் குடுத்து வாங்கிக்கிறது, ஏன்னா அதே ஸ்டேஷன்ல உள்ள தட்டி வெளிய தட்டுனா அதுக்கும் கட்டணம் புடிச்சுக்கும்ல. போன வாரம் உட்லண்ட்ஸ்ல ஒரு நம்மாளு.

"தம்பி, டிஸ்க்ல கீறல் ஒன்னும் இல்ல, பார்த்துக்கோங்க."

"பார்த்துட்டேன் அண்ணே, சுத்தமா இருக்கு. ரெண்டும் சேர்த்து 40க்கு குடுத்துடுங்களேன்."

"45ன்னு தானப்பா பேசுனோம்? சரி, பையன் பிஎஸ்எல்இக்குப் படிக்கிறான், வீட்ல இருந்தா தொட்டுக்கிட்டே இருப்பான், கொண்டு போ."

போன்ல பேநவ் வழியா காசு அனுப்பிட்டு நான் அப்படியே திரும்பி ரயில் ஏறிட்டேன். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி கடைசிப் பரீட்சை) வருஷத்துல வீட்டுக்கு வீடு இப்படிக் கன்சோல் வெளிய வரும்போல, அடுத்த வருஷம் ஆரம்பத்துலயே கண்ணு வைக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடி நான் கேக்குற போட்டோ, பெட்டியோட முதுகுப்பக்கம். பிஎஸ் டிஸ்க் எந்த நாட்டுதா இருந்தாலும் ஓடும், ஆனா அதுக்கு மேல வாங்குற டிஎல்சி (கேமோட கூடுதல் பகுதி), டிஸ்க்கோட ரீஜனும் அக்கவுன்டோட ரீஜனும் ஒத்துப் போனாத்தான் வேலை செய்யும், நம்ம அக்கவுன்ட் சிங்கப்பூர்னா ஆசியா டிஸ்க்தான் வேணும், கடைக்காரங்க ஆர்3ம்பாங்க. வெறும் கேம் போதும் டிஎல்சி வேணாம்னா அமெரிக்கா டிஸ்க் 10 வெள்ளி கம்மியா கிடைச்சா யோசிக்காம எடுங்க. இன்னொரு வழி, பிஎஸ்4 டிஸ்க்கா வாங்கி பிஎஸ்5க்கு ஏத்திக்கிறது. 2022ல வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டுக்கு அந்த அப்கிரேடு இலவசம், செகண்ட் ஹேண்ட்ல பிஎஸ்4 பெட்டி எப்பவும் கம்மி விலைல கிடக்கும். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோல் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் இது ஆகாது.

ஸ்விட்ச் கதை வேற. கார்ட்ரிட்ஜுக்கு ரீஜன் தொல்லை கிடையாது, ஜப்பான் கார்ட்ரிட்ஜும் ஓடும், இங்கிலீஷ் உள்ள இருக்கான்னு மட்டும் பார்த்துக்கணும். ஆனா நின்டெண்டோவோட சொந்த கேமுங்க விலை இறங்கவே இறங்காது, மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017ல வந்தது, இன்னைக்கும் செகண்ட் ஹேண்ட்ல கெத்தா நிக்குது. முதல்ல எனக்கு இது எரிச்சலாத்தான் இருந்துச்சு, அப்புறம் போன்ல ஒரு ஷீட் போட்டு வாங்குன விலை, வித்த விலை, கையவிட்டுப் போன காசுன்னு மூணு கட்டமா எழுத ஆரம்பிச்சதும் கதை தலைகீழா மாறிடுச்சு. செல்டா ஒன்னு 50க்கு வாங்கி, முடிச்சுட்டு 47க்கு வித்தேன், செலவு 3 வெள்ளி, ஒரு கோப்பியும் ரொட்டியும். அதே சமயம் ஆன்லைன் சேல்ல 75 சதவீதம் தள்ளுபடின்னு 15 வெள்ளிக்கு டிஜிட்டலா வாங்குனது, முடிச்சதும் அப்படியே உக்காந்திருக்கு, 15ம் போனது போனதுதான். அதுல இருந்து "எவ்வளவுக்கு வாங்குன"ன்னு யாராச்சும் கேட்டா நான் பதிலே சொல்றதில்ல, வித்துட்டு சொல்றேன்டான்னு சொல்லிடுறேன்.

(அந்த கார்ட்ரிட்ஜை நக்கிப் பார்க்காதீங்க, குழந்தைங்க முழுங்கக் கூடாதுன்னு டெனடோனியம் பென்சோயேட்னு ஒரு கசப்புப் பூச்சு போட்டிருக்கான். எங்க அக்கா பையன் நம்பாம நக்கிட்டு ராத்திரி சாப்பாடு வரைக்கும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே இருந்தான்.)

ஸ்விட்ச் 2 வாங்குனவங்க பெட்டியோட முன்பக்கம் கீழ என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கேம்-கீ கார்டுன்னு போட்டிருந்தா கார்டுக்குள்ள கேம் இருக்காது, டவுன்லோடு பண்ணணும், ஆடும்போதெல்லாம் கார்டும் உள்ள இருக்கணும். அக்கவுன்டோட ஒட்டாததால திருப்பி விக்கலாம், அந்த மட்டும் நிம்மதி. பெட்டிக்குள்ள வெறும் டவுன்லோடு குறியீட்டு நம்பர் மட்டும் இருக்குற ஐட்டத்தை செகண்ட் ஹேண்ட்ல தொடாதீங்க, ஒரு தடவை போட்டா செத்துடும்.

ஆன்லைன் பக்கம் சுருக்கமா சொல்லிடுறேன். 9.9, 11.11, 12.12னு தேதியும் மாசமும் ஒன்னா வர்ற நாள் சேல்ல வவுச்சர் அடுக்கி அடுக்கிப் போட்டா புது கேமே செகண்ட் ஹேண்ட் விலைக்கு வரும், ஆனா கிழிச்சுப் போட்ட பழைய விலைய நம்பாதீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே ஆன்லைன் கூடைல போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. வெளிநாட்ல இருந்து வரவழைச்சா முன்ன மாதிரி வரி இல்லாம வராது, 2023ல இருந்து 400 வெள்ளிக்குக் கீழ உள்ள பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024ல இருந்து 9 சதவீதம், அதையும் சேர்த்துப் பார்த்தா சில நேரம் சிம் லிம்மே மலிவு. பிசி கேம் விக்கிற ஸ்டீம் ஆன்லைன் கடைல 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா காசு திரும்பக் கேக்கலாம். அதே மாதிரி இன்னொரு கடையான எபிக்ல வாராவாரம் வியாழன் ராத்திரி 11 மணிக்கு, அமெரிக்காவுல குளிர்காலம்னா 12 மணிக்கு, இலவச கேம் மாறும், தூங்கப் போறதுக்கு முன்னாடி அமுக்கி வச்சுட்டுப் படுங்க. ஆடுறேனோ இல்லையோ லைப்ரரி மட்டும் குண்டாயிட்டே போகுது.

இப்ப என் கிறுக்கு நின்டெண்டோவோட பழைய கைக் கன்சோல் கேம் பாய் அட்வான்ஸ் பக்கம் திரும்பியிருக்கு. சுங்கை ரோட்டு சந்தை இருந்தப்ப தரைல தார்ப்பாய் விரிச்சுக் கொட்டி வச்சிருப்பாங்க, கிளறி எடுக்கலாம், 2017 ஜூலைல அதை மூடிட்டாங்க, இப்ப எல்லாம் கரோசல்தான், அதுல பாதி டூப்ளிகேட். ஒரிஜினல்னா முன்பக்க ஸ்டிக்கர்ல ரெண்டு எண் அழுத்திக் குத்துன மாதிரி லேசா பதிஞ்சிருக்கும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா தெரியும். கீழ பின் இருக்குற இடத்துல உத்துப் பார்த்தா போர்டுல நின்டெண்டோன்னு பேரு இருக்கும். போகிமான் ரூபி, சஃபையர், எமரால்டுல பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு மெசேஜ் வந்தா பயப்பட வேணாம், நேரத்தை வச்சு நடக்குற விஷயங்கதான் நின்னு போகும், சேவ் அப்படியே இருக்கும், விலை குறைக்க நல்ல சாக்கு. அதுக்கு முந்தின போகிமான் கோல்டு, சில்வர் அப்படி இல்ல, பேட்டரி போனா சேவும் போச்சு.

போகிமான் ஃபயர்ரெட் ஒரிஜினல் யாராச்சும் வச்சிருந்தா சொல்லுங்க, அதுல பேட்டரியே கிடையாது. உட்லண்ட்ஸ், யீஷூன்ல எங்க வேணாலும் வர்றேன், விலை பேசிக்கலாம், ஆனா ஸ்டிக்கரைச் சாய்ச்சு எடுத்த போட்டோ இல்லாம கிளம்பி வர மாட்டேன்.