பக்கத்து வீட்டு ஐயா

எங்கள் பக்கத்து வீட்டு ஐயா போன மார்கழியில் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய வயது. கொரியப் போரில் நின்ற கனடியச் சிப்பாய். ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இவ்வளவு காலம் இருந்துவிட்டு, அவரைப் பற்றி நாலு வரி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய மகளிடம் கேட்டேன். "பெயர் போடாதே, மற்றதெல்லாம் எழுது" என்றார்.

அண்ணா ஸ்பொன்சர் செய்து நானும் அம்மாவும் 1998 இல் ரொறன்ரோ வந்தோம். முதலில் அண்ணாவின் அப்பார்ட்மென்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். அப்புறம் எல்லோருமாகக் காசு சேர்த்து ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். அந்தத் தெருவில் முந்தி இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுக்கொண்டு போன காலம் அது. ஐயாவும் மனைவியும் போகவில்லை.

நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். விடியப்புறம் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்து வருவேன். அந்த வீட்டில் எங்களுக்கு முதல் மாரி. தன் வாசலில் ஸ்நோ தள்ளிக்கொண்டிருந்த ஐயா ஒருநாள் என்னை மறித்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "அந்தச் சப்பாத்தைக் கழற்று" என்றார். தன்னுடைய கராஜுக்குள் கூட்டிப்போய் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருத்தினார். நனைந்து ஒட்டிப்போயிருந்த பருத்திச் சொக்ஸை உரித்து எடுத்தார். ஒவ்வொரு விரலாக நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடத்தில் இரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தார். அப்பா சிறுவயதிலேயே போய்விட்டதால், பெரிய ஆம்பிளை ஒருவர் என் காலைப் பிடித்துப் பார்த்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அங்கேயே பாடம் நடந்தது. தோலோடு படுவது கம்பளிச் சொக்ஸாக இருக்க வேண்டும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே விரல் ஆட வேண்டும். காய்ந்த சோடி ஒன்றைச் சட்டைக்குள், உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குப் போனதும் முதல் வேலை சொக்ஸ் மாற்றுவது. இதையெல்லாம் அவர் 1950-51 மாரியில் கொரிய மலைகளில் பழகியிருந்தார். அவருடைய இடது காலில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி இல்லை என்பதைப் பின்னாளில் மகள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஸ்நோவைத் தூக்காமல் தள்ளவும், அள்ள வேண்டி வந்தால் முழங்காலை மடக்கி அள்ளவும் அவர்தான் பழக்கினார். குடிவரவாளர்களுக்கான வகுப்பு ஒன்றுக்குப் போனேன். விண்ணப்பப் படிவம் நிரப்பவும் நேர்முகத்தில் கை குலுக்கவும் கற்றுத்தந்தார்கள். காலைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு அவரோடு பழகக் கொஞ்சக் காலம் எடுத்தது. போரில் இறந்த வீரர்களை இங்கே நினைவுகூரும் நவம்பர் 11 அன்று ஐயா கருநீலக் கோட்டும் பெரே தொப்பியும் போட்டு, மார்பில் பதக்கங்களும் பொப்பிப் பூவும் குத்தி வாசலில் நின்றார். அம்மா யன்னலால் கண்டுவிட்டு, "அவர் ஆமியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மா திரைச்சேலையை இழுத்து மூடினார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆமி வருகிறது என்றால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டிப் பழகியவர். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து ஐயாவின் மனைவி இறந்தார். எங்கள் ஊரில் செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அயலார்தான் சமைத்துக் கொடுப்பார்கள். அம்மா கேள்வி கேட்கவில்லை. இடியப்பமும் சொதியும் அவித்து, சட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தார். ஐயா சொதியைச் சூப் மாதிரிக் குடித்துவிட்டு, சட்டியைக் கழுவித் துடைத்து, உள்ளே தன் தோட்டத்துத் தக்காளியைப் போட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அந்தச் சட்டி ஒருநாளும் வெறுமையாகப் போகவும் இல்லை, வரவும் இல்லை.

ஒரு கோடை காலம். எங்கள் பின்வளவில் அம்மா பாவற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ஐயா தடிகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் மொழிபெயர்க்க, அம்மாவிடம் கேட்டார்: "நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்? விமானத்தைக் கேட்கவில்லை. அதற்கு முன்பு."

கனடா வந்து அதுவரை எங்களை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். வேலை கேட்டார்கள், படிப்புக் கேட்டார்கள், உறைப்பாகச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அம்மா கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமம் முழுக்கச் சனம் ஒரே றோட்டில் இறங்கியது. மழை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலத்தில் அடியெடுத்து வைக்க இடமில்லை. நான் சைக்கிளை உருட்ட, அம்மா சீலையில் சுற்றிய தையல் மெசின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாவகச்சேரி மட்டும் நடந்தார். அந்த மெசின்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஐயா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் சொன்னார். கொரியாவில் சனம் அப்படி நடப்பதைத் தான் லொறியில் இருந்து பார்த்தாராம். உறைபனியில், வெள்ளை உடுப்போடு, முதுகில் மரச்சட்டத்தில் சாமான் கட்டி, வரிசை வரிசையாகத் தெற்கே போனார்களாம். ஒருவன் அந்தச் சட்டத்தில் தன் தாயை இருத்திச் சுமந்து போனானாம். "எங்கள் லொறி நிற்கவில்லை. அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்" என்றார். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அம்மா, "சேர்ந்திருப்பினம் எண்டு சொல்லு" என்றார்.

ஐயா இருந்தது இளவரசி பற்றீசியாவின் கனடிய இலகு காலாட்படை, இரண்டாவது பட்டாலியன். 1951 ஏப்ரல் 24 இரவு கப்யோங் பள்ளத்தாக்கின் 677 ஆம் குன்றில் சீனப் படை அவர்களைச் சூழ்ந்தது. எதிரி தங்கள் பதுங்குகுழிகளுக்குள்ளேயே வந்துவிட, தங்கள் தலைக்கு மேலேயே பீரங்கி அடிக்கும்படி கேட்டார்கள். அடுத்த நாள் தண்ணீரும் துப்பாக்கி ரவையும் விமானத்தில் இருந்து பரசூட்டில் விழுந்தன. குன்று கைவிட்டுப் போகவில்லை. பத்துப் பேர் செத்தார்கள், 23 பேருக்குக் காயம். அமெரிக்க ஜனாதிபதியின் விருது அந்தப் பட்டாலியனுக்குக் கிடைத்தது. இதில் பாதியை நான் நூலகத்தில்தான் படித்தேன். ஐயா அந்த இரவைப் பற்றிச் சொன்னது, தாகம் எடுத்தது என்பதை மட்டும்தான்.

வேறொன்றை அவர் விருப்பத்தோடு சொல்வார். அவர்களுடைய பொதுநலவாயப் படைப்பிரிவோடு மெரூன் நிறத் தொப்பி போட்ட இந்திய வைத்தியர்கள் இருந்தார்களாம், நல்ல கைகளாம். தேடிப் பார்த்தேன். அது இந்தியாவின் 60 ஆவது பரசூட் கள மருத்துவப் பிரிவு. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கேணல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆற்காட்டுத் தமிழர், மகாவீர் சக்கரம் பெற்றவர். 1951 மார்ச்சில் கொரியாவின் முன்சானில் அமெரிக்கப் படையோடு பரசூட்டில் குதித்து, போர்முனையிலேயே வைத்தியம் பார்த்தவர். அவர் எங்கள் மொழிக்காரர் என்று சொன்னதும் ஐயா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரங்கராஜுக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேன்.

கனடா கொரியாவுக்கு 26,000 பேருக்கு மேல் அனுப்பியது. 516 பேர் உயிரிழந்தார்கள். ஆனால் அதை யுத்தம் என்று சொல்லவே நெடுங்காலம் இங்கே தயங்கினார்கள். ஒட்டாவா போர் நினைவுச்சின்னத்தில் 1950–1953 என்ற ஆண்டுகளை 1982 இல்தான் பொறித்தார்கள். போர்நிறுத்தம் கையெழுத்தான யூலை 27 ஐக் கொரியப் போர் வீரர்களின் நாளாகச் சட்டம் அறிவித்தது 2013 இல். திரும்பி வந்தபோது, எங்கே போயிருந்தாய் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றார் ஐயா. கேட்காமல் விடப்பட்டவர் என்பதால்தான் அம்மாவிடம் அப்படிக் கேட்க அவருக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அவருடைய சிநேகிதன் ஒருவன் தென்கொரியாவின் பூசான் ஐ.நா. மயானத்தில் கிடக்கிறான். அங்கே கனடியர்கள் 378 பேர். அந்தக் காலத்தில் உடலை நாட்டுக்குக் கொண்டுவரும் வழக்கம் இல்லை. அதனால் பிரம்டன் மெடோவேல் மயானத்தில் 1997 இல் கட்டிய நினைவுச் சுவருக்கு ஐயா ஒவ்வொரு யூலை 27 உம் போவார். 516 பேருக்கும் அங்கே வெண்கலப் பலகை உண்டு. கண் மங்கிக் கார் ஓட்டுவதை விட்ட பிறகு நான் கூட்டிப் போனேன். கொரியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து, கிழவர்களுக்கு முன்னால் இடுப்பு மடிய வணங்கிவிட்டுப் போவார்கள். ஐயா தன் சிநேகிதனின் பலகையைக் கைலேஞ்சியால் துடைப்பார். பக்கத்தில் இருக்கும் இரண்டு பலகைகளையும் துடைப்பார். கேட்டால், "இவர்களுக்கு ஆள் வருகிறதோ தெரியாது" என்பார்.

ஐயாவின் செத்தவீட்டுக்கு, முன்னாள் படைவீரர்களின் சங்கமான லீஜனின் கிளையில் இருந்து வந்திருந்தார்கள். ஊதுகொம்பில் லாஸ்ட் போஸ்ட் என்ற படைவீரர் பிரியாவிடை இசையை வாசித்தார்கள். ஒவ்வொருவராக நடந்து போய், தங்கள் கோட்டில் இருந்த பொப்பியைக் கழற்றிப் பேழை மேல் வைத்தார்கள். "நானும் வைக்கலாமோ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார். எங்களிடம் பூ இல்லை. முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருந்த கிழவர் ஒருவர் தன் பூவைக் கழற்றி, ஊசி குத்தாமல் திருப்பிப் பிடித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அன்று மாலை மகளின் கையில் சொதிச் சட்டியும் கொடுத்தார்.

வருகிற யூலையில் பிரம்டனுக்கு நானும் ஐயாவின் மகளும் போகிறோம். அந்த மூன்று பலகைகளும் எந்த வரிசையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அம்மாவும் வருகிறாராம். இருக்கக் கதிரை கிடைக்குமா என்று மட்டும் விசாரித்துச் சொல்லச் சொன்னார்.