பிரைமர் எங்கே அடித்தோம், எங்கே விட்டோம்

அப்பாவின் வெள்ளை மாருதி 800, 1999 மாடல். நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்பதால் கதவுகளின் அடி ஓரத்தை உப்புக்காற்று நன்றாகவே தின்றிருந்தது. வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாம் என்று முடிவானதும் எனக்கும் மாமாவுக்கும் ஒரே பேச்சு: வண்டி முழுக்க பிரைமர், அதாவது பெயின்ட் பிடித்து நிற்க அதற்கு அடியில் அடிக்கும் பூச்சு, அடிப்பதா, வேண்டாமா?

தெரிந்த பெயின்டர் அண்ணன் ஒருவர், பஞ்சைத் தின்னரில் நனைத்து பெட்ரோல் மூடியின் உள்பக்கம் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். பஞ்சில் வெள்ளை ஏறவில்லை. "அது கம்பெனியில சூடேத்திக் காய வச்ச பெயின்ட் தம்பி, கரையாது. அது நல்லா இருக்கிற இடத்துல பிரைமர் எதுக்கு?" என்றார். சரி, மேற்கூரையையும் பானெட்டையும் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிரைமர் அடிக்காமல் விட்டோம்.

பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில், நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. ஹார்டனர் தேவைப்படாத என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வாங்கினோம்.

கதவு ஓரத்தில் கம்பி பிரஷ் போட்டதும் தகடு வெளியே வந்தது. வெறும் தகட்டில் பெயின்ட் பிடித்து நிற்காது, துரு பரவுவதும் ஓயாது. அங்கே தகட்டை இறுகப் பிடிக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்தோம்.

தவறு நடந்தது பின்சக்கரத்துக்கு மேலே. சொட்டை விழுந்த இடத்தில் பள்ளத்தை நிரப்பும் பட்டி போட்டுத் தேய்த்தோம். கையில் தடவினால் வழுவழுவென்று இருந்தது. அதனால் பிரைமர் இல்லாமலே பெயின்ட் அடித்துவிட்டேன். ஈரத்தில் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை சாய்வாகப் பார்த்தால், பட்டியைச் சுற்றி முட்டை வடிவில் மங்கலாக ஒரு வளையம். பட்டி பெயின்ட்டைக் குடித்துவிட்டது. விரலுக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது.

திரும்பத் தேய்த்து, பட்டியை மூடிச் சமப்படுத்தும் தடித்த பிரைமரான சர்ஃபேசர் இரண்டு கோட் அடித்தோம். அது காய்ந்ததும் மேலே கறுப்பு பெயின்ட்டைப் புகை மாதிரி லேசாகத் தூவி, 400 நம்பர் பேப்பரைக் கட்டையில் சுற்றித் தேய்த்தோம். பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு அப்படியே நின்றது. அங்கே மறுபடி நிரப்பினோம். சர்ஃபேசர் தண்ணீரை உறிஞ்சும் என்பதால், தேய்த்த பிறகு ஒரு முழு நாள் வெயிலில் விட்டுத்தான் வெள்ளை அடித்தோம். வளையம் வரவில்லை.

இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வலது கதவில், தண்ணீர் வடியும் துளைக்குப் பக்கத்தில் ஓர் இடம் லேசாகப் புடைத்திருக்கிறது. துருப்பிடித்த இடங்களில், தகடு தெரியும்வரை நான் தேய்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.