ஆறாவது சனிக்கிழமை

முடக்குவாதத்துக்காக மெதோட்ரெக்ஸேட் மருந்து ஆரம்பித்து ஆறாவது சனிக்கிழமை இரவு. ஆறு மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் வாயில் போடவே இல்லை, அதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. நாளை முழுவதும் படுக்கையில்தான் போகும் என்று தெரியும். கை வலியோ குறைந்தபாடில்லை. அப்படியே மாத்திரைகளை டப்பாவுக்குள் திருப்பிப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.

இதே கட்டத்தில் இருக்கும் யாராவது ஒருவருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மருந்து தொடங்கிய நாளுக்கும் அது வேலை செய்யத் தொடங்கும் நாளுக்கும் நடுவில் கிடக்கும் வாரங்களைப் பற்றி எனக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார்கள். எதைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பது?

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். முடக்குவாதம் என்றும் சொல்வார்கள். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கும், கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரிக்கும். எனக்கு இரண்டு மணிக்கட்டும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்பட்டன. தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேலை செய்யச் செய்யக் கூடும். இது நேர்மாறு. இரவு முழுக்க ஓய்வெடுத்து எழுந்தால்தான் கொடுமை.

கண்டுபிடித்து ஒன்றரை வருடம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் எடுத்தேன். ஓரளவு தாக்குப்பிடித்தது. அப்புறம் ஒரே மாதத்தில் எல்லாம் கைமீறிப் போனது. பற்பசை மூடியைத் திறக்க ஒரு கட்டைவிரலும் ஓர் ஆள்காட்டி விரலும் போதும். அது என்னால் முடியாமல் போனது. ட்யூபை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூடியை இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத் திருகுவேன். மணிக்கட்டுக்குள் கம்பி பாய்ந்ததுபோல் இருக்கும். கடைசியில் மூடி போடுவதையே விட்டுவிட்டேன். அது இல்லாமலே ட்யூப் கிடந்தது.

டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால் என்று மொத்தம் 28. வலிப்பது எத்தனை, வீங்கியிருப்பது எத்தனை என்று தனித்தனியாக எண்ணி எழுதிக்கொண்டார். இதுவரை எடுத்த மருந்து மட்டும் போதாது, மெதோட்ரெக்ஸேட் சேர்க்க வேண்டும் என்றார். அதற்கு முன்னால் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஹெப்படைட்டிஸ் பி, சி எல்லாவற்றுக்கும் பரிசோதனை. நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருக்கிறதா என்றும் கேட்டார். கருவைப் பாதிக்கும் மருந்து, அதனால் இந்தக் கேள்வியை யாரும் கூச்சப்பட்டு ஒதுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்து மருந்தோடு இருந்த தாளைப் படித்ததும் கலங்கிப்போனேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து! அக்கா போனில், "எதுக்குடி இவ்வளவு வீரியமான மருந்து? வேண்டாம்னு சொல்லிடு" என்றாள். மறுநாளே டாக்டரிடம் கேட்டேன். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம், நமக்குக் கொடுப்பது வாரத்துக்குச் சில மில்லிகிராம்தான் என்று விளக்கினார். 1988-லேயே அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு முடக்குவாதத்துக்கு இதை அனுமதித்துவிட்டது. இன்றைக்கும் இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து பெரும்பாலும் இதுதான். பயம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஆரம்பிக்கத் துணிவு வந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தெரியாமல் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எழுதியது 2.5 மி.கி. மாத்திரை நான்கு, சனிக்கிழமை இரவு மட்டும். செவ்வாய்க்கிழமை ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. ஒன்று. மருந்து வாங்கிய இடத்தில் உறையின்மேல் "இரவு 4" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிழமை இல்லை. வீட்டில் மகள்தான் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுவும் சின்னதா மஞ்சள், அதுவும் சின்னதா மஞ்சள். தூக்கக் கலக்கத்துல மாத்திப் போட்டுட்டா?" என்றாள். அன்றைக்கே மெதோட்ரெக்ஸேட்டை வேறு டப்பாவில் போட்டு, மூடியின் மேல் சிவப்பு மையில் "சனி" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். என் தினசரி மாத்திரைகள் இருக்கும் அலமாரியில் அது இல்லை. இன்றுவரை அப்படித்தான்.

புது மருந்து வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரை தாங்கிக்கொள்ள பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு 10 மி.கி. கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2.5 மி.கி. குறைத்து எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. மூன்றாவது நாளே வீக்கம் வடிந்தது. சட்டைப் பட்டனை நானே போட்டேன். மருந்து கேட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது முழுக்க ஸ்டீராய்டின் வேலை என்பது அப்போது மனதில் ஏறவில்லை. இங்கேதான் நான் சறுக்கினேன். அளவு குறையக் குறைய வலி திரும்பி வந்தது. ஐந்தாவது வாரம் ஸ்டீராய்டு 5 மி.கி.க்கு இறங்கியது, அதே வாரம் மெதோட்ரெக்ஸேட் 10-லிருந்து 15 மி.கி.க்கு ஏறியது. வலியும் கூடியது, குமட்டலும் கூடியது. மருந்துதான் என்னைக் கெடுக்கிறது என்று நம்பத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் எப்படி இருந்தன என்று சொல்லிவிடுகிறேன். வாந்தி வராது, ஆனால் வந்துவிடும்போலவே நாள் முழுக்க இருக்கும். தலைக்குள் ஈரத்துணியைத் திணித்து வைத்த மாதிரி மந்தம். யாராவது பேசினால் வாக்கியத்தின் பாதியிலேயே பிடி விட்டுப்போகும். மாலைக்கு மேல்தான் கொஞ்சம் தெளியும். அசதி என்று சொன்னால் பலருக்கும் புரிவதில்லை. "நல்லாத் தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்பார்கள். தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு அது.

ஆறாவது சனிக்கிழமை மருந்தைத் தவிர்த்தது இப்படித்தான். ஞாயிறு குமட்டல் இல்லாமல் போனது, உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. திங்கள் காலை குற்ற உணர்ச்சி தாங்காமல் டாக்டருக்குப் போன் செய்து ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சொன்னது நல்லதாப் போச்சு. இரண்டு நாள்தான் ஆகியிருக்கு, இன்னைக்கே வாங்க. மாத்திரைக்குப் பதிலா ஊசியாப் போடலாம்" என்றார். தவறவிட்டதை இரண்டு நாளுக்குள் எடுக்கலாம், அதைத் தாண்டிவிட்டால் அடுத்த வாரம் வழக்கமான நாளில் வழக்கமான அளவுதான், ஒருபோதும் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இதை முதல் நாளே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

அதே 15 மி.கி. தான், ஆனால் வயிற்றுத் தோலுக்கு அடியில் போடும் சின்ன ஊசி. மருந்து குடல் வழியாகப் போவதில்லை என்பதால் பலருக்குக் குமட்டல் குறைகிறது. எனக்கும் குறைந்தது, முழுதாகப் போகவில்லை, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. முதல் சில வாரம் சிரிஞ்சை அழுத்த விரலில் வலுவில்லை. மகள்தான் போட்டுவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைவிட அவள்தான் பயந்தாள்.

அன்றைக்கு டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைக் காப்பாற்றியது. ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொன்னார். காலையில் கை இறுக்கம் விட எத்தனை நிமிடம் ஆகிறது, களைப்பு பத்துக்கு எவ்வளவு, எந்த மருந்து என்ன அளவு, அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரங்களை ஞாபகத்திலிருந்து எழுதினேன். தொடங்கும்போது இறுக்கம் 120 நிமிடம். ஸ்டீராய்டு முழு அளவில் இருந்தபோது 30. ஆறாவது வாரம் 95. ஒன்பதாவது வாரம், ஸ்டீராய்டு முழுதாக நின்ற பிறகு, 60. அந்த அறுபதைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். மனசு "ஒண்ணும் மாறல, ஒண்ணும் மாறல" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு இல்லாமலே பாதியாகக் குறைந்திருக்கிறது என்று நோட்டு சொன்னது. வலியில் இருக்கும்போது போன மாதத்து வலி எப்படி இருந்தது என்பது நினைவில் நிற்பதில்லை. எழுதி வைத்தால்தான் உண்டு.

நடுவில் வலியை எப்படிச் சமாளித்தேன் என்றால், பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்துவிடுவேன், அவசரம்தான் காலை வலிக்கு எதிரி. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் இரு கைகளையும் முக்கி, தண்ணீருக்குள்ளேயே மெதுவாக விரல்களை மடக்கி நீட்டுவேன். இறுக்கத்துக்குச் சூடு, சூடாகி வீங்கிய முட்டிக்குத் துணியில் சுற்றிய ஐஸ். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டை. பையைக் கையில் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொள்வேன். ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்ற பிடிவாதத்தை விட்டது மட்டும் கஷ்டமாக இருந்தது. இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு. நன்றாக இருக்கும் நாளில்தான் இதை மீறத் தோன்றும், மறுநாள் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எட்டாவது வாரம் கல்லீரல் என்ஸைம் சற்று ஏறியிருந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. மெதோட்ரெக்ஸேட்டோடு நான் அடிக்கடி போட்டுக்கொண்டிருந்த வலி மாத்திரையைக் குறைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தார். இறங்கியிருந்தது. நாமாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

பத்தாவது வாரம் சிறுநீர்த் தொற்று. அவசரத்துக்கு வேறொரு டாக்டரிடம் போனேன். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக் எழுதப் போனார். "நான் வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்றதும் பேனாவை நிறுத்தி, வேறு மருந்து எழுதினார். டிரைமெத்தோபிரிம், மெதோட்ரெக்ஸேட் இரண்டுமே உடலில் ஃபோலேட் என்ற வைட்டமினின் வேலையைத் தடுப்பவை. சேர்ந்தால் ரத்த அணுக்கள் உற்பத்தியாவதே ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? அதிலிருந்து எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் சொல்வது இந்த ஒரு வாக்கியம்தான். என் டாக்டரிடமும் கேட்டேன். தொற்று தீரும்வரை அந்த வார ஊசி வேண்டாம் என்றார். காய்ச்சல், ஆறாத வாய்ப்புண், வறட்டு இருமல், மூச்சு வாங்குதல் எது வந்தாலும் காத்திருக்காமல் கூப்பிட வேண்டும் என்று குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது வாரம் ஒரு காலை, மகள் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, பேஸ்ட் மூடிய நீயா போட்ட?" போய்ப் பார்த்தேன். மூடி இறுக்கமாகத் திருகப்பட்டிருந்தது. எப்போது போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த வாரம் நோட்டில் காலை இறுக்கம் 25 நிமிடம்.

இப்போது இருபதாவது வாரம். ஊசியை நானே போட்டுக்கொள்கிறேன். வலது கை நடுவிரல் முட்டி மட்டும் இன்னும் வீங்கியே இருக்கிறது, மோதிரம் ஏறவில்லை. ஞாயிறு காலை மந்தமும் கொஞ்சம் மிச்சம். போன தடவை ரத்தத்தில் சி.ஆர்.பி., அதாவது உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் அளவு, இறங்கியிருந்தது, ஆனால் அந்த ஒரு விரலுக்காக அளவை 20 மி.கி.க்கு ஏற்றலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். வியாழக்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.